தீவிலே தங்கும் தொழிற்கல்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கம் ஏழை மாணவர்க்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் வழங்கி வருகிறது. இது நல்லறமே. ஆயினும், நாம் படிக்க வைக்கும் பிள்ளை தன் ஊருக்குத் திரும்ப விரும்பினால் அங்கே அவனுக்குத் தொழில் உண்டா என்று நாம் கேட்டதில்லை. அக்கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். உதாரணத்துக்கு இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவை எடுத்துக்கொள்வோம்.

அத்தீவை நிலத்தோடு இணைத்த பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாலத்தையும் சிதைத்தது. நம் ரயில்வேயினர் அதை 46 நாட்களில் சீர்செய்தனர். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. பாலம் யாத்திரிகர்களைத் தீவுக்குக் கொண்டுவருகிறது. படித்த இளைஞர்களைத் தீவிலிருந்து கொண்டுபோகிறது. குறை பாலத்தினுடையது அன்று. கற்ற கல்விக்கு ஏற்ற வேலை அக்கரையில் இருப்பதே காரணம்.

அப்துல் கலாம் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்தவர், கல்வியின் பொருட்டு இராமநாதபுரம், திருச்சி, சென்னை என்று படிப்படியாக அகன்று சென்றார். 1982-இல் நம் ஹைதராபாத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநரானார். 2015-இல் மறைந்தபின் அவருடைய உடல் அத்தீவின் மண்ணுக்கே திரும்பியது. அவர் வெளியே சென்றதால் நாடு பயன்பெற்றது, அதில் ஐயமில்லை. ஆனால் வெளியேறுவோர் அனைவரும் கலாம் ஆவதில்லை. பலர் நகரத்து வாடகை அறையில் சிறு ஊதியத்துக்கு உழைக்கிறார்கள். தீவும் அவர்களை இழக்கிறது; அவர்களும் தீவை இழக்கிறார்கள்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 அன்று ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. இலாபம் கருதாத அறக்கட்டளை ஒன்று மீனவ மக்களுக்காக இதனை நிறுவியது. மீனவக் குடும்பத்து இளைஞர்களே பயிற்சி பெற்று நிகழ்ச்சிகளைத் தயாரிக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்வதும், பதிவைச் செப்பனிடுவதும், ஒலிபரப்புக் கருவியைப் பேணுவதும் தொழில்நுட்பமே அல்லவா? காற்று, அலை, மீன்வளம் பற்றிய செய்திகளைக் கடலோரப் பேச்சிலேயே சொல்ல, அக்கடலோரத்திலே வளர்ந்தவருக்கன்றி யாருக்கு இயலும்?

நம் ஊருக்கு அருகிலும் ஒரு முன்னோடி உண்டு. ஜஹீராபாத் பக்கத்திலுள்ள மாச்சனூரில் தக்காண அபிவிருத்திச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம், கிராமத்துத் தலித் பெண்களுக்கு ஒலிபரப்புத் தொழிலைக் கற்பித்தது. அவர்கள் நடத்தும் ‘சங்கம் வானொலி’ 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த அரசு அனுமதித்தது 2006-இன் இறுதியில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இப்பெண்கள் தொழிலைக் கற்று, நிகழ்ச்சிகளைப் பதிந்து, உரிமத்துக்காகக் காத்திருந்தார்கள். கற்றவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. தொழில் அவர்களுடைய ஊரிலேயே வேர் கொண்டது.

இராசஸ்தானத்துத் திலோனியாவில் 1972-இல் தோன்றிய ‘பேர்புட் கல்லூரி’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. சூரிய ஒளியால் விளக்கெரிக்கும் தொழிலை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்குக் கற்பித்தது. பசிபிக் பெருங்கடலின் தீவு நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து ஆறு மாதம் பயின்று திரும்பினர். பாட்டிமார்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? சான்றிதழ் பெற்ற வாலிபன் நகரத்துக்குப் போய்விடுகிறான். பாட்டியோ ஊரிலே இருப்பாள் என்பதே அதன் நிறுவனர் கூறிய காரணம்.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்பலாம். “நாமெல்லாம் பிழைப்புக்காகத் தாயகத்தை விட்டு வந்தவர்கள். நாம் இங்கு வசதியாக இருந்துகொண்டு, மீனவன் மகனைத் தீவிலேயே இரு என்று சொல்ல நமக்கென்ன உரிமை?” என்பீர்கள். உண்மை, அவ்வுரிமை நமக்கில்லை. போக விரும்புகிறவனைத் தடுக்க வேண்டா. படித்தபின் ஊரிலேதான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குவதும் தகாது. இருக்க விரும்புகிறவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்று போவதற்கு வழி இருக்கிறது. இருப்பதற்கு வழி அரிதாக இருக்கிறது.

அதற்குப் பயிற்சி மட்டும் போதாது. சமுதாய வானொலி இலாபம் ஈட்டக் கூடாது. விளம்பர நேரத்துக்கும் வரம்பு உண்டு. ஆதலின் பயின்றவருக்கு மாதந்தோறும் ஊதியம் தருவதே பெரும்பாடு. பயிற்சிக்குப் பணம் தந்தவர்கள், பயிற்சி முடிந்த மறுநாள் அவ்விளைஞன் எதைக்கொண்டு உண்பான் என்பதையும் எண்ண வேண்டும்.

ஹைதராபாத் தமிழர்களாகிய நம்மால் செய்யக் கூடியன இரண்டு. ஒன்று: உபகாரச் சம்பள நிதியில் ஒரு பகுதியை, தீவிலேயே தொழில் பயிலும் இளைஞர்க்கும் இளம் பெண்களுக்கும் ஓராண்டு உதவித் தொகையாக ஒதுக்கலாம்.

இரண்டு: ஆண்டுக்கு இருவரை ஒரு மாதம் இங்கு வரவழைத்து, நம் இல்லங்களில் தங்க வைத்துப் பயிற்சி பெறச் செய்யலாம். நம் நகரத்துப் பிரகதி நகரில் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. 1999-இல் அமைந்த அம்மையம், செயற்கைக் கோள் காட்டும் கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் கொண்டு மீன் கூடும் இடத்தைக் கணிக்கிறது. அலையின் உயரத்தை முன்கூட்டி அறிவிக்கிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் தருகிறது. கடலே இல்லாத நம் ஊரில் கடலின் கணக்கு எழுதப்படுகிறது! அக்கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைப் பாம்பன் இளைஞன் நேரில் கண்டறிந்து, தன் மக்களுக்கு விளங்கும் சொல்லில் எடுத்துரைத்தால், அது படகேறும் உயிர்களுக்குக் காவலாகும். அனுமதி கோரி விண்ணப்பிக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும்.

இவ்விரண்டையும் வரும் செயற்குழுவில் ஆராயுமாறு தலைவர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊரை விட்டு வருவதன் வருத்தம் என்னவென்று நமக்குத் தெரியும். அதனை அறிந்த நாமே, ஊரில் வாழ விரும்புவோர்க்குத் துணை நிற்கத் தக்கவர்கள்.