கைத்தொழிலும் தன்மானமும்: ஒஜிப்வே மக்களின் பாசிமணி வகுப்பு



ஏட்டில் உள்ளது மட்டுமே கல்வியா, பாட்டியின் விரல்களில் உள்ளதும் கல்வியா என்னும் வினாவை நம் இளைஞர்கள் எழுப்புகின்றனர். இவ்வினாவுக்கு விடை காண, நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட ஒரு தொல்குடியின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

வட அமெரிக்காவில் சுப்பீரியர் முதலிய பேரேரிகளைச் சூழ்ந்து வாழ்வோர் ஒஜிப்வே மக்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும், கனடாவின் ஒன்டாரியோ, மனிடோபா மாகாணங்களிலும் அவர்கள் உள்ளனர். ஐரோப்பியர் அவர்களைச் 'செவ்விந்தியர்' என்றனர். அவர்களோ தம்மை 'அனிஷினாபே' என்கின்றனர். பிறர் இட்ட பெயர் ஒன்று, தாம் கொண்ட பெயர் ஒன்று என்னும் நிலை நமக்குப் புதிதன்று.

முள்ளம்பன்றியின் முட்களுக்குச் சாயமேற்றி, தோலிலும் மரப்பட்டையிலும் அழகுற இழைத்தவர்கள் அம்மக்கள். 17ஆம் நூற்றாண்டு முதல் விலங்குத் தோல் வாணிகத்தின் வழியே வெனிஸ் முதலிய இடங்களின் கண்ணாடிப் பாசிமணிகள் அவர்களை அடைந்தன. அந்த அயல்பொருளைக் கொண்டு, தம் காட்டின் இலையையும் கொடியையும் மலரையும் அவர்கள் தைத்தனர். மணிக்கு அவர்கள் மொழியில் 'மனிடூமினென்ஸ்' என்று பெயர். ஆவியின் சிறு கனி என்பது அதன் பொருள். பொருள் எங்கிருந்து வந்தாலும், அதற்குத் தம் பெயரையும் தம் வடிவையும் அளித்தவர்கள் அவர்கள்.

இற்றை நாள் இக்கலை ஊர்ப் பொதுக்கூடங்களிலும் பழங்குடிக் கல்லூரிகளிலும் வகுப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றது. முதியவர் ஒருவரைச் சுற்றிச் சிறுவரும் பெரியோரும் அமர்கின்றனர். முதலில் தாளில் மலரை வரைந்து துணியின்மேல் பொருத்துவர். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவர். ஊசிகள் இரண்டு. முதல் ஊசியின் நூல், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுள்ள மணிகளைக் கோத்துக் கோட்டின்மீது கிடத்தும். இரண்டாம் ஊசி, இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை அந்நூலைத் துணியோடு பிணைக்கும். நூலை மிக இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் மணி ஆடும். இதழின் ஓரம் முடிந்த பின்னரே உட்புறம் நிரப்பப்படும். கணக்கும் வடிவியலும் பொறுமையும் ஒருங்கே பயிலப்படும் இடம் அது.

பாட்டியிடம் இயல்பாகக் கற்க வேண்டியதற்கு வகுப்பு எதற்கு? இவ்வினாவின் விடையில்தான் அம்மக்களின் துயரம் அடங்கியுள்ளது.

1879இல் ரிச்சர்டு பிராட் என்னும் இராணுவ அதிகாரி, பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் பழங்குடிக் குழந்தைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதன் வழியில் பல பள்ளிகள் எழுந்தன. குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர், முடி வெட்டப்பட்டது, தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். அரை நாள் பாடம். எஞ்சிய அரை நாள் ஆண்களுக்குப் பண்ணை வேலை, பெண்களுக்குச் சமையலும் சலவையும் தையலும். பாட்டியின் ஊசிக்கும் பெயர்த்தியின் விரலுக்கும் இடையே பல தலைமுறைகள் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. கனடாவிலும் இதுவே நிகழ்ந்தது. கனடாவின் பிரதமர் 2008இலும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் 2024இலும் இக்கொடுமைக்காக மன்னிப்புக் கோரினர்.

மன்னிப்பு வரும்வரை அம்மக்கள் காத்திருக்கவில்லை. 1968இல் மினியாப்பொலிஸ் நகரில் அமெரிக்க இந்தியர் இயக்கம் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒஜிப்வே மக்கள் முன்நின்றனர். 1972இல் அந்நகரிலும் அண்டையிலுள்ள செயின்ட் பால் நகரிலும், பண்பாட்டையும் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்கும் பள்ளிகளை அவர்களே நிறுவினர். மின்னசோட்டாவின் மாரிஸ் ஊரில் விடுதிப் பள்ளி இருந்த இடம் 1909இல் மாநிலத்திற்கு அளிக்கப்பட்டபோது, பழங்குடி மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறலாகாது என்று விதிக்கப்பட்டது. இன்று அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் அவ்வுரிமை நிலைத்துள்ளது. பாசிமணி வகுப்பில் ஊசி பிடிக்கும் கைக்குப் பட்டம் விலக்கப்பட்டதன்று. இவ்விரண்டும் பகை என்று கூறுவோரை நம்பாதீர்கள்.

இளைஞர்களே! இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுறுத்த வேண்டும். நம் மாநிலத்தில் 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டமும் அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்றே அமைந்தது. அதனைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார்; 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அங்கே குழந்தைகளைப் பெற்றோரின் தொழிலிலிருந்து அறுத்தனர். இங்கே பெற்றோரின் தொழிலோடு பிணைக்க முனைந்தனர். வழி வேறு, எனினும் இரண்டிலும் குழந்தையின் விருப்பம் கேட்கப்படவில்லை. பிறப்பால் சுமத்தப்படும் தொழில் விலங்கு. அறிவோடு, விரும்பி, விட்டுச் செல்லும் உரிமையோடு பயிலப்படும் தொழில் கலை. இவ்வேறுபாட்டை மறந்து பழந்தொழிலின் பெருமை பேசுவோர் நம் நண்பர் அல்லர்.

ஆயினும் இழிவுக்கு அஞ்சி அனைத்தையும் எறிந்துவிடுதலும் அறிவுடைமை ஆகாது. இழிவு பறையில் இல்லை. சாவு வீட்டில் இவன்தான் அடிக்க வேண்டும் என்று விதித்ததில் இருந்தது. தோல் பதமிடுதல், பாய் முடைதல், பறை இசைத்தல் ஆகியவற்றின் நுட்பம் அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். அந்நுட்பத்தை ஏட்டில் எழுதுவோம். கற்பித்தவர் பெயரைப் பொறிப்போம். எச்சாதியாரும் வந்து கற்கட்டும் என்று கதவைத் திறப்போம். அமெரிக்காவில் பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடியினர் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கலையின் பயன் கலைஞரையே சேர வேண்டும் என்னும் விழிப்பு நமக்கும் தேவை.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் மாணவரைத் தேர்வில் வெற்றி பெறச் செய்ய உழைத்துள்ளது. அப்பணி முதன்மையானது; அதில் ஓர் இம்மியும் குறைதல் ஆகாது. அதனோடு, வாரம் ஒரு மாலை, ஒரு முதியவர், சில மாணவர் என்ற அளவில் ஒரு கைத்தொழில் வகுப்பையும் இவ்வாண்டு தொடங்குவோமாக. வர விரும்புவோர் வரட்டும். வேண்டாதோர் தம் பாடத்தைப் படிக்கட்டும். தேர்ந்தெடுக்கும் அவ்வுரிமையே நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. அதனை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே வெள்ளி விழாவின் பயனாகும்.