பள்ளிக்கூடத்து மண் யாருடையது?

பாகான் டத்தோ என்றதும் தேங்காய்தான் நினைவுக்கு வரும். 2017-இல் பேராக்கின் பன்னிரண்டாவது மாவட்டமான இவ்வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் குறைவில்லை. பல இன்னும் தோட்டத்துப் பெயரையே சுமக்கின்றன.

காரணம் பழையது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். லயத்துப் பக்கத்தில் கொட்டகை எழுந்தது; நிலம் மட்டும் கம்பெனி பெயரிலேயே தங்கிவிட்டது. ஆசிரியர் சம்பளம் இன்று அரசாங்கத்தினுடையது. ஆனால் தனியார் நிலத்தில் நின்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளிதான். கட்டடம் என்றால் பள்ளி வாரியமும் பெற்றோரும் அலைய வேண்டும்.

ஆனாலும் இயற்கையைப் படிக்கத் தோட்டத்துப் பள்ளியைவிட நல்ல இடம் ஏது, சொல்லுங்கள்? செம்பனைக் காட்டில் எலி பிடிக்கும் கூகைக்குப் பெட்டி வைக்கிறார்கள். பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கப் பாதையோரம் பூச்செடி நடுகிறார்கள். கடற்கரைக்குப் போனால் அலையாத்திக் காடு. பள்ளி வளாகத்தில் மங்குஸ்தீன் நடலாம்தான். அது காய்க்கப் பத்தாண்டு பிடிக்கும். அதற்குள் தோட்டமே கைமாறிவிட்டால்?

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்வி மத்திய அரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். ஆசிரியர் வேண்டுமென்றால் புத்ராஜெயா. நிலத்தைப் பிரித்துப் பள்ளிக்கு எழுத வேண்டுமென்றால் மாவட்ட நில அலுவலகம், பிறகு ஈப்போ.