நிரல் மாறவில்லை, நேரம் ஏன் போகிறது?
(கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பதினோராம் வகுப்பில் நாம் சி++ நடத்துகிறோம். மாணவர் எழுதும் இருபது வரி நிரலை கம்பைலர் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட திறமூல மென்பொருள் ஒன்றை பில்டு செய்யச் சொன்னால், நம் ஆய்வகக் கணினிகளில் ஒரு பாடவேளை போதாது. இந்தக் காத்திருப்பைக் குறைக்க உதவும் கருவிதான் 'சிகேஷ்'. சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002-இல் இதை எழுதினார்.

இதன் வேலை எளிது. முன்பு போட்ட கணக்குக்கு விடையைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துத் தருவது போல, முன்பு மொழிபெயர்த்த கோப்பின் விளைவைச் சேமிப்பிலிருந்து எடுத்துத் தருகிறது. அதே கோப்புதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? மூல நிரல், அது சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகள், கம்பைலருக்குக் கொடுத்த கட்டளைகள், கம்பைலரின் அடையாளம் ஆகியவற்றிலிருந்து ஒரு கைரேகையைக் கணக்கிடுகிறது. ரேகை பொருந்தினால் சேமிப்பிலிருந்து விடை. பொருந்தாவிட்டால் முதலிலிருந்து வேலை.

சிக்கல் இங்கேதான். நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல், பில்டு செய்யும் முறை மட்டும் மாறினாலும் ரேகை மாறிவிடும். நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நேரம். நிரலில் 'டைம்' மேக்ரோ இருந்தால் நொடிக்கு நொடி உள்ளீடு மாறும். 'டேட்' இருந்தால் நாளுக்கு நாள் மாறும்.

இரண்டு, பில்டு எண். ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணை ஒரு மாறியில் வைத்து, எல்லாக் கோப்புகளும் சேர்க்கும் தலைப்புக் கோப்பில் எழுதினால், அத்தனை கோப்புகளும் புதிதாகிவிடும். அந்த எண்ணைத் தனியாக ஒரே ஒரு மூலக் கோப்பில் வையுங்கள். அது மட்டும் மறுபடி மொழிபெயர்க்கப்படும்.

மூன்று, கோப்புறை. பிழைதிருத்தத் தகவலோடு பில்டு செய்யும்போது, எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்பதும் ரேகையில் சேரும். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் கோப்புறை திறந்தால், ஒருவர் சேமித்தது அடுத்தவருக்கு உதவாது. எல்லோரும் ஒரே பாதையைப் பயன்படுத்துவது எளிய தீர்வு.

நான்கு, கம்பைலர். இயல்பான அமைப்பில் சிகேஷ், கம்பைலர் கோப்பின் அளவையும் அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் பார்க்கிறது. அதே கம்பைலரை மறுபடி நகலெடுத்து அந்த நேரம் மாறினால், சேமிப்பு முழுவதும் பயனற்றுப் போகும். நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தை ஒப்பிடும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றில் எதற்கும் பிழைச்செய்தி வராது. மென்பொருள் சரியாகவே ஓடும், வேகம் மட்டும் போய்விடும். கணினி பழசு என்று நாமும் விட்டுவிடுவோம். ஆகவே சிகேஷ் தரும் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். எத்தனை முறை சேமிப்பிலிருந்து கிடைத்தது, எத்தனை முறை தவறியது என்று அது காட்டும்.

வகுப்பில் செய்துபாருங்கள். புள்ளிவிவரத்தைப் பூச்சியமாக்கி, ஒரே நிரலை இருமுறை பில்டு செய்யச் சொல்லுங்கள். பிறகு கட்டளையில் ஒன்றை மாற்றி மூன்றாம் முறை. "நிரல் அப்படியே இருக்கிறதே, ஏன் தவறியது?" என்று கேளுங்கள். உள்ளீடு என்பது நாம் தட்டச்சு செய்தது மட்டுமல்ல என்பதை மாணவரே கண்டுபிடிப்பார். பாடநூலில் பத்துப் பக்கம் படித்தாலும் அந்தத் தெளிவு வராது.