பந்தி விசாரிக்கும் செயலிகள்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர்க்குச் சொந்த ஊர் நெடுந்தொலைவில் இருக்கிறது. அத்தூரத்தைக் குறைக்க முன்னாளில் கடிதமும் மணியார்டரும் துணை செய்தன. இந்நாளில் கைபேசி துணை செய்கிறது. காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்பின் தத்கால் முன்பதிவு திறந்தால், நாடெங்கும் உள்ளோர் அந்த ஒரு நிமிஷத்தில் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. இத்தனை பேருக்கும் விடை சொல்பவை, குளிரூட்டிய கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர் என்னும் கணினிகள். அக்கட்டடங்களுக்குத் தரவு மையங்கள் என்று பெயர். அக்கணினிகளின் மூளையாக விளங்கும் செயலிகளில் 2024ஆம் ஆண்டு ஒரு புதிய தலைமுறை தோன்றியது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியின் மூளைக்கும் செயலி என்கிறோம். கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ‘ஆப்’புக்கும் செயலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது தீராத தலைவலி. இப்பேச்சில் செயலி என்றால், சிலிக்கான் சில்லில் அமைந்த அந்த மூளையைத்தான் குறிப்பிடுகிறோம்.

செயலி முன்னேறுகிறது என்றால் அதன் வேகம் கூடுகிறது என்பதே பலரது எண்ணம். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. அழுத்தம் கூடக் கூட வெப்பம் அதனினும் விரைவாகப் பெருகியது. நான்கு கிகா ஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் செயலியை வெளியிடப் போவதாக இருந்த இன்டெல் நிறுவனம், 2004ஆம் ஆண்டு அம்முயற்சியைக் கைவிட்டது. அதன் பின்னர் விஞ்ஞானிகள் வேறு வழியில் திரும்பினர்.

அந்த வழியை நம் வீட்டுக் கல்யாணப் பந்தியைக் கொண்டே விளக்கலாம். நூறு இலை போட்ட பந்தியில் ஒரே ஆள் எவ்வளவு விரைந்து ஓடினாலும், கடைசி இலைக்குச் சாம்பார் போவதற்குள் முதல் இலையில் சோறு ஆறிவிடும். நடுத்தர நடையில் பதின்மர் பரிமாறினால் பந்தி ஒழுங்காக நடக்கும். அவ்வாறே ஒரு செயலிக்குள் பல சிறு செயலிகளை அமைத்தார்கள். அவற்றைக் ‘கோர்’ என்பர். உள்ளகம் என்று நாம் சொல்வோம்.

இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் ஓர் இடம் உண்டு. 2008ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் ஜியான் 7400 என்னும் சர்வர் செயலியை அந்நகரத்துப் பொறியாளர்களே வடிவமைத்தனர். அதில் ஆறு உள்ளகங்கள். அவ்வரிசையின் உயர்ந்த வகை 2.66 கிகா ஹெர்ட்ஸில் ஓடியது. அதன் வெப்ப வரம்பு 130 வாட். 2024 ஜூனில் அதே நிறுவனம் ஜியான் 6 வரிசையில் 144 உள்ளகங்கள் கொண்ட ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படை வேகம் 2.2 கிகா ஹெர்ட்ஸ். வெப்ப வரம்பு 330 வாட். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வந்ததன் அடிப்படை வேகம் குறைவு! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு ஓர் உள்ளகத்துக்கு ஏறக்குறைய 22 வாட் ஆயிற்று. இப்போது இரண்டு வாட்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு துடிப்பிலும் செய்து முடிக்கும் வேலையும் இதற்கிடையே பெருகியிருக்கிறது.

சிறு வேலைகளைக் கோடிக்கணக்கில் செய்ய இத்தகைய சிக்கன உள்ளகங்கள் போதும். பெருங்கணக்குகளுக்கு வலிய உள்ளகங்கள் வேண்டும். அதற்கென 128 வலிய உள்ளகங்கள் கொண்ட மற்றொரு வகை அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. அக்டோபரில் 192 உள்ளகங்கள் கொண்ட எபிக் செயலியை வெளியிட்டது. இதன் அமைப்பு நம்மை மிகவும் கவர்ந்தது. அகன்ற சில்லு ஒன்றைச் செய்தால் ஒரு தூசு விழுந்தாலும் முழுவதும் பாழாகலாம். ஆகவே பதினாறு உள்ளகங்கள் கொண்ட சிறு துண்டுகள் பன்னிரண்டைத் தனித்தனியே செய்து, பழுதற்றவற்றைத் தேர்ந்து, ஒரு நடுத்துண்டைச் சுற்றி இணைத்துவிடுகிறார்கள். பரிமாறுவோர் பெருகினால் அடுக்களை வாசலும் பெரிதாக வேண்டுமன்றோ? நினைவகத்திலிருந்து தரவு வரும் பாதைகளும் அதில் பன்னிரண்டு.

இனி, நாம் கவலையோடு நோக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பு பல கணினிகள் பங்கிட்டுச் செய்த வேலை இப்போது ஒரே பெட்டியில் அடங்குகிறது. அப்பெட்டி படுத்தால் அதை நம்பிய அத்தனை வேலையும் படுக்கும். மாற்றுப் பெட்டி ஒன்றை ஆயத்தமாக வைத்திராத நிர்வாகம் இந்தச் சிக்கனத்தை நாடுவது விவேகமன்று. பயணச் சீட்டு கிடைக்காமல் நிற்பவர் நாமேயன்றி அந்த நிர்வாகிகள் அல்லர்.

மின்சார விஷயம் இதனினும் பெரிது. 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் கொண்டன என்றும், 2030இல் இது இரு மடங்குக்கு மேலாகும் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. செயற்கை அறிவு வேலைகளுக்கான வேறு வகைச் சில்லுகள் இதில் பெரும்பசி கொண்டவை. உள்ளகத்துக்கு இரண்டு வாட் என்று நாம் மகிழ்ந்த சிக்கனம் எங்கே போயிற்று? மலிந்த பண்டம் மிகுதியாகச் செலவாகிறது. அன்றியும், புதியது வந்த பிறகும் பழைய சர்வரை ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஓடவிட்டு வைக்கும் இடங்களில் மின்கட்டணம் கூடுமேயன்றிக் குறையாது. புதிய செயலியை வாங்கும் ஆணையிலேயே, பழைய பெட்டிகள் எத்தனை, எந்தத் தேதியில் நிறுத்தப்படும் என்பதையும் எழுதிவிட வேண்டும் என்பது நம் கருத்து. தரவு மையத்தில் பணியாற்றும் பிள்ளைகள் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். இன்றிரவு உணவு வேளையில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் மையத்தில் வேலையின்றி ஓடும் பெட்டிகள் எத்தனை?