செவி கூறும் சாட்சி



ஒலியின் செறிவு வேறு. நம் செவி உணரும் உரப்பு வேறு. செறிவு 10 மடங்கானால் கருவி 10 டெசிபெல் உயர்வைக் காட்டும். செவியோ ஏறக்குறைய இரு மடங்கென்றே கூறும். இவ்வுரப்பை அளப்பதற்கே 1936இல் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டீவன்ஸ் 'சோன்' என்னும் அலகை வகுத்தார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 85 டெசிபெல் ஒலியைத் தொழிலாளர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998இல் விதந்துரைத்த எல்லை. 95 ஆனால் அவ்வெல்லை 48 நிமிடமாகச் சுருங்கும்.

திருவிழாவில் ஒலிபெருக்கியைச் சற்றே கூட்டியதாக நாம் எண்ணுகிறோம். அதனருகே உறங்கும் குழந்தையின் செவியோ 10 மடங்கைத் தாங்குகிறது. உட்செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆதலின், ஒலியை உயர்த்துமுன் நம் செவியை மட்டும் சாட்சியாகக் கொள்ளாது, அருகிருப்போரையும் எண்ணுவோமாக.