அரும்பில் நிற்கும் பிள்ளை



தலைமையாசிரியை சகோதரி இந்த விழாப் பந்தலில் நம் பள்ளியின் ஆண்டறிக்கையை வாசித்தபோது எந்தெந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேறியதற்கு விழுந்தது. விழ வேண்டியதுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலிக்குப் போகிற வீட்டில், பெண்ணைப் படித்தது போதும் என்று நிறுத்தாமல் வைத்திருக்கிற பணம் அது. நாலு மணி மணியடித்த பிறகும் பிள்ளைகளை உட்காரவைத்து மனத்திறன் தாளுக்கும் படிப்பறிவுத் தாளுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியைகளுக்கு இன்னொரு முறை கைதட்டினாலும் தகும்.

ஆனால் அறிக்கையின் நடுவில் ஒரு வரி வந்தது. எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் தொடக்க வகுப்புகளின் நிலை உயர்ந்திருக்கிறது என்று. பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. நான் பேச வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபின், 2022 ஜூனில் அரசு கொண்டுவந்த திட்டம் எண்ணும் எழுத்தும். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புவரை. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு, அதற்கு எதுவரை வாசிக்கத் தெரியும், எதுவரை எண்ணத் தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்டுபிடிக்காமல் விடுவதில்தான் வெட்கம் இருக்கிறது.

கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமா? ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மா இருக்கமாட்டான் என்பார்கள். நானும் இங்கே சில பிற்பகல்களில் வந்து பின் பெஞ்சில் உட்காருவது உண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. புத்தகத்தைத் திறந்தால் கணீரென்று வாசிப்பாள், தடங்கலே இருக்காது. ஒருநாள் பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த பக்கத்து வரி அவள் வாயில் வந்துவிட்டது. டீச்சருக்கு அங்கேதான் பொறி தட்டியது. படத்தைக் கையால் மூடிக்கொண்டு நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றார். "கொக்கு டீச்சர்." அங்கே இருந்த சொல் கொம்பு. முதல் எழுத்தைப் பார்த்தாள், மிச்சத்தை ஊகித்துவிட்டாள். எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் பழக்கமே அவள் கண்ணுக்கு விழவில்லை. பாடம் முழுவதும் காதால் கேட்டு மனப்பாடம். இரண்டு வருஷமாக நன்றாக வாசிக்கும் பிள்ளை என்று பேர் வாங்கியிருக்கிறாள்!

மறுநாளிலிருந்து அவளுக்குத் தனிப் பாடம். படம், பட்டம். வடம், வட்டம். எடு, எட்டு. புள்ளி வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, அப்புறம் வாசிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் எழுத்து வேலை செய்யும் நேரத்தில் டீச்சர் தன் மேசைப் பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். அடுத்த பருவத்தில் அவள் மொட்டு. இன்றைக்கு நடந்த நாடகத்தில் தன் வசனத்தைத் தாளில் பார்த்துத் தானே வாசித்துக் கற்றுக்கொண்டாள். யார் என்று சொல்லமாட்டேன். அவள் அம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

இதற்கு ஸ்மார்ட் போர்டு தேவைப்படவில்லை. ஒரு டீச்சரும், அந்த டீச்சருக்குக் கொஞ்சம் ஓய்ந்த நேரமும் தேவைப்பட்டன. சிக்கல் அங்கேதான். தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் கணக்கு. ஆனால் ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் வாய்ப்பாடும் மறுபக்கம் பாட்டுமாக ஓட்டும் டீச்சரின் நிலைமை எந்தக் கணக்கில் வரும்? நம் பள்ளியைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. ஒருவர் ஓய்வுபெற்றுப் போனால் அந்த இடத்துக்கு ஒப்புதல் வரும்வரை நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்கிறது. மேனேஜ்மெண்ட் டீச்சர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்து அறையில் அதே வேலையைச் செய்பவர் வாங்குவதில் சிறு பங்குதான் அவர் கைக்குப் போகிறது. நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவர் அப்படி ஒரு மேனேஜ்மெண்ட் டீச்சர்.

கன்னியர் நடத்தும் இந்த மாதிரிப் பள்ளிகள் யாருக்காக வந்தன என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டத்தில் கீழச்சேரி என்றோர் ஊர். குண்டூர்ப் பக்கத்துப் பிரங்கிபுரத்திலிருந்து வந்த தெலுங்குப் பெண்மணி, கணவரை இழந்தவர், தட்டிபத்ரி ஞானம்மா, 1863இல் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் குழந்தைகளுக்கான பள்ளி. அந்தக் காலத்தில் அந்தக் குழந்தைகளைத் திண்ணைப் பள்ளியின் திண்ணையில் ஏற்றுவார்களா? தெருவுக்குள்ளேயே விடமாட்டார்கள். கைம்பெண் ஒருத்தி அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தாள். புனித அன்னாள் கன்னியர் சபை அங்கிருந்துதான் வளர்ந்தது. புதுச்சேரியில் அதற்கும் முன்னால், 1844இல், துய்புயி அடிகளார் பெண்பிள்ளைகளின் படிப்புக்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியிருந்தார். கான்வென்ட் என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷும் நம் மனதில் வந்து நிற்பது பிற்பாடு ஏற்பட்ட பழக்கம்.

அதே கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில், 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் அது தொடங்கியது 2022 செப்டம்பரில். நடுவில் இருந்த காலத்தை நினைத்துப்பாருங்கள். ஒரே தெரு, ஒரே வேலைக்குப் போகும் இரண்டு அம்மாக்கள். இந்த வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் ரவைக் கிச்சடி சாப்பிட்டது, அந்த வீட்டுப் பிள்ளை நம் பள்ளியில் வெறும் வயிற்றோடு காலை வழிபாட்டில் நின்றது. நகரத்து உதவிபெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்ட்வரை காத்திருந்தன. கொடுத்ததற்கு நன்றி சொல்கிறோம். வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள் மேடையில் இருப்பதால் தாமதத்தையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த தாமதம் இன்னும் தீரவில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஐந்து முடித்ததும் சில பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலக வாசலில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளை டாக்டராகலாம் என்று ஓர் ஏழை கணக்குப் போடுவதில் என்ன தப்பு? ஏழைப் பிள்ளை எந்தக் கட்டடத்தில் படித்தாலும் ஏழைப் பிள்ளைதான் என்று அரசிடம் வாதாடுவது நம் வேலை. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வனிலும் பிறகு புதுமைப் பெண்ணிலும் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களை 2024இல் சேர்த்தார்களே, கேட்டால் நடக்கிறது.

தமிழ்வழி என்ற இடத்தில் நிர்வாகத்தாரிடமும் ஒரு வார்த்தை. பல ஊர்களில் பார்க்கிறேன், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளி. கட்டணம் வாங்கும் பள்ளிக்கு டைல்ஸ், புதுப் பெயின்ட், சுறுசுறுப்பான இளம் ஆசிரியர்கள். உதவிபெறும் பள்ளிக்குப் பழைய ஓட்டுக் கட்டடம், விழா நாளில் மட்டும் கூட்டிப் பெருக்கிய முற்றம். திருச்சபை ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் அறிவித்த புனித லசால் என்ன செய்தார் தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில், பிள்ளைகளுக்கு லத்தீனில் வாசிக்கச் சொல்லித்தருவதுதான் வழக்கம். அவர் ஏழைப் பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்கள் வீட்டில் பேசுகிற பிரெஞ்சில் முதலில் வாசிக்கப் பழக்கினார். இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வர வேண்டும். கொம்பையும் கொக்கையும் பிரித்து வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இங்கே கவனித்தேன். மறைக்கல்விக்கு மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போகிறார்கள். பெரிய அறையை நன்னெறிக்குத்தான் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஊர் நம்மை எப்படி நம்புகிறது என்று வேறு சான்று வேண்டுமா?

கடைசியாகப் பழைய மாணவர் சங்கத்துக்கு. பள்ளி வாசலில் நினைவு வளைவு கட்ட வசூல் தொடங்கியிருப்பதாக நோட்டீஸில் பார்த்தேன். இரண்டு தூண், மேலே சிலுவை, கீழே நன்கொடையாளர் பெயர்கள். என் பெயரையும் போடுவதாகச் சொன்னார்கள்; சந்தோஷம். அந்த வளைவை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். சேர்ந்த பணத்தை மேனேஜ்மெண்ட் டீச்சர் சம்பளத்துக்கு என்று தனியாக வங்கியில் போடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, இந்த மூன்று வகுப்பும் வரும் ஜூனிலிருந்து தனித்தனி அறையில், தனித்தனி ஆசிரியரோடு நடக்கட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்ற எண்ணிக்கையைச் சகோதரி வாசிக்கட்டும். மாதத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கை அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். மைக்கை அவரிடமே கொடுக்கிறேன், அதையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.