இல்லறமும் வாய்பேசா உயிரும்



அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் புதுமணத் தம்பதியர் சிலர், மேற்காபிரிக்காவுக்குரிய சிறு மலைப்பாம்பொன்றை வீட்டிலே வளர்க்கின்றனர். அஞ்சினால் பந்துபோற் சுருளும் பாம்பு அது. தனக்கு வேண்டிய சூட்டை அதன் உடல் தானே உண்டாக்காது. கூட்டின் ஒருபுறத்தை ஏறக்குறைய 32 பாகை செல்சியசில் வளர்ப்போரே வைத்திருத்தல் வேண்டும். படிப்பு 5, 6 ஆண்டுகளில் முடியும். பாம்போ 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

குளிரினால் வாடினும் அது முறையிடாது. ஆய்வுக்கட்டுரை நெருக்கும்போது, முறையிடாதவரையே நாம் முதலில் மறக்கின்றோம். அவர் வாழ்க்கைத் துணையாயினும் சரியே.

இல்லறத்தார்க்கு விதித்த ஐவேள்விகளுள் பிறவுயிர்களை ஓம்பும் பூதயாகமும் ஒன்று. ஆகவே, இருவரும் மனமொத்து, இறுதிவரை காப்போமென உறுதிகொண்ட பின்னரே ஓருயிரை வீட்டுக்குக் கொணர்தல் அறமாகும்.